கனத்துப்போன காந்தத் துப்பாக்கி

பெட்டியைத் தூக்கியதுமே ஆயுதக்காவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. போன வாரம் ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு படியேறிய பெட்டி. இன்றைக்கு அது தோளைக் கீழே இழுத்தது.

அவள் சினிமாவுக்கு ஆயுதம் செய்கிறவள். வாள், ஈட்டி, கைத்துப்பாக்கி, பீரங்கி, எது கேட்டாலும் ஃபோமிலும் ஃபைபரிலும் செய்து, இரும்புதான் என்று சத்தியம் பண்ணலாம் போல வண்ணம் பூசித் தருவாள். அவள் செய்த கோடாரியால் மண்டையில் அடி வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். ஸ்டூடியோவில் அவளுக்கு ஆயுதக்கா என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கேட் வாட்ச்மேன் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்.

இந்த முறை படம் விண்வெளிக் கதை. ஒரு கப்பல், அதில் அப்பாவைப் பறிகொடுத்த ஒரு மகள், அவரைக் கொன்ற தளபதி. கடைசிக் காட்சியில் மகள் தளபதியின் நெஞ்சுக்கு நேராக நின்று சுட வேண்டும். அதற்கான துப்பாக்கியைப் பற்றி டைரக்டர் முதல் நாளே ஆயுதக்காவை உட்கார வைத்துப் பாடம் எடுத்திருந்தார்.

"அக்கா, இதுல வெடிமருந்தே கிடையாது. குழாயைச் சுத்தி வரிசையா செம்புச் சுருள் இருக்கும். கரண்டு பாஞ்சதும் முதல் சுருள் காந்தமாகி இரும்புக் குண்டை இழுக்கும். குண்டு கிட்ட வந்ததும் அது செத்துடணும், அடுத்த சுருள் முழிச்சுக்கணும். இப்படியே கைமாத்திக் கைமாத்தி வேகம் ஏத்தி விட்டா, வெளிய வர்றப்ப அது எமன்."

"புகை?"

"வராது."

"நெருப்பு?"

"ம்ஹூம்."

பக்கத்தில் இருந்த சவுண்டு இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். "வெடிச் சத்தமும் கிடையாதாம்! சத்தம் இல்லாம சுட்டா, தியேட்டர்ல இருக்கவன் வில்லனுக்கு மயக்கம் போலன்னுதான் நெனப்பான் சார்."

"எல்லாரும் நீலமா ஒரு கோடு விட்டு, 'ஜ்ஜூம்'னு ஒரு சத்தம் போட்டு வச்சிருக்காங்க. எனக்கு அது வேணாம்," என்றார் டைரக்டர். "குண்டு போறது தெரியவே கூடாது. வாங்குறவன் முகத்துல மட்டும்தான் தெரியணும்."

ஆயுதக்கா அப்படியே செய்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு துப்பாக்கி. அதிலிருந்து ஒரு கறுப்பு கேபிள், முதுகில் மாட்டும் 'சக்திப் பெட்டி'க்குப் போகும். பெட்டிக்குள் ஃபோம் துண்டுகளும் இரண்டு டார்ச் பேட்டரியும்தான். விசையை அழுத்தினால் குழாயில் குட்டி விளக்குகள் வரிசையாக ஓடி அணையும். அவ்வளவே அதன் வீரம்.

அந்தப் பெட்டிதான் இப்போது கனத்தது.

ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. ஃபோம் இல்லை. டம்ளர் டம்ளராக, கரண்டைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்களை அடுக்கி, தடித்த கம்பியால் இணைத்திருந்தது. துப்பாக்கியின் உறையைப் பிரித்தாள். உள்ளே அவள் வைத்த பிளாஸ்டிக் குழாய்க்குப் பதிலாக வேறொரு குழாய். அதைச் சுற்றி, செம்புக் கம்பியை இழை பிசகாமல் சுற்றிய சுருள்கள். அடியில், முனை சீவிய ஓர் இரும்புத் துண்டு, சுண்டுவிரல் கணுவளவு. அவளுடைய குட்டி விளக்குகளை மட்டும் பத்திரமாகப் பழைய இடத்திலேயே ஒட்டியிருந்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது.

கம்பிக் கட்டுகளைச் சிவப்பு மெழுகு நூலால் கட்டியிருந்தது. முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் நிமிர்த்திப் பார்த்தாள். முடிச்சு எதிர்ப்பக்கமாக விழுந்திருந்தது. இடதுகைக்காரர் போடும் முடிச்சு. அவள் வீட்டில் கொடிக்கயிறு முதல் அரிசி மூட்டை வரை எல்லாம் இப்படித்தான் கட்டியிருக்கும்.

அவள் புருஷன் அதே படத்தில் லைட் டிபார்ட்மெண்ட் தலைவர். மழைக் காட்சிக்கு மின்னல் வெட்ட வைக்கும் மெஷின் அவர் பொறுப்பில் இருந்ததால் எல்லோருக்கும் அவர் 'மின்னல்'. அந்த மெஷினுக்குள் இருப்பதும் இதே டம்ளர் கெப்பாசிட்டர்கள்தான்.

நாளைக்குக் கடைசிக் காட்சி. சுடப்படப் போகிறவர் வில்லன் நடிகர்.

மூடியைத் திருப்பி மாட்டி, எல்லா ஸ்க்ரூவையும் பழையபடி முறுக்கினாள்.

மின்னலுக்கும் அந்த வில்லன் நடிகருக்கும் ஆகாது. ஸ்டூடியோவில் செங்கல்லுக்குக்கூடத் தெரிந்த விஷயம். மின்னலின் தங்கை, அதாவது ஆயுதக்காவின் நாத்தனார், ஒரு காலத்தில் இங்கே உடை தைத்துக்கொண்டிருந்தாள். நல்ல கை. ஒரு நாள் வில்லன் நடிகரின் வாட்ச் காணாமல் போனது. "கடைசியா என் கோட்டைத் தொட்டது அந்தத் தையல்காரிதான்" என்று அவர் தளத்தின் நடுவில் நின்று கத்தினார். அவளுடைய பையைத் தரையில் கொட்டிச் சோதித்தார்கள். அடுத்த வாரமே வாட்ச் அவருடைய கார் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. கிடைத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, டிரைவர்தான் சொன்னார். ஆனால் அதற்குள் 'கை நீளம்' என்ற பெயர் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. எந்தக் கம்பெனியும் அவளைக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து மின்னல் அந்த ஆள் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பார். இந்தப் படத்தில் அந்த ஆள் நடிக்கிறார் என்று தெரிந்தபோது மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த அமைதி அப்போதே அவளுக்கு நெருடியது.

மதியம் சாப்பாட்டு மேசையில் மின்னலுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க ஸ்டோர் ரூம் பக்கம் வந்தீங்களா?"

"நான் எதுக்கு உன் ஸ்டோர் ரூமுக்கு வர்றேன்?" அவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"இல்ல, பெட்டி இடம் மாறியிருந்த மாதிரி இருந்துச்சு."

"எலியா இருக்கும்."

"எலி பெட்டியைத் தூக்குமா?"

"இங்க இருக்குற எலி லைட்டையே தூக்கிட்டுப் போவுது." சிரித்தார். பிறகு தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு மறுபடியும் எடுத்து, காலி டம்ளரிலேயே குடித்தார்.

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பொய் சொன்னதில்லை என்று சொல்ல முடியாது. புடவை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தப் பொய் வேறு ரகம். இது முகத்தைக் கொண்டுபோய் தட்டுக்குள் ஒளித்துவைக்கிற பொய்.

சாப்பிட்டு எழுந்தவள் இன்னொன்றையும் பார்த்தாள். மேக்கப் வேனுக்குப் பின்னால் மின்னலும் வில்லன் நடிகரும் தோளோடு தோள் உரச நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வில்லன் நடிகர் தன் நெஞ்சைத் தொட்டு, "இங்கதானே?" என்று எதையோ கேட்டார். மின்னல் விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். வருஷக்கணக்காக முகத்தைத் திருப்பியவர், இன்றைக்கு நெஞ்சைத் தொட்டுச் சிரிக்கிறார். அடுத்துக் கெடுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பார்த்தது இப்போதுதான்.

நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பெட்டியையும் துப்பாக்கியையும் ஒரு சாக்கில் சுருட்டிக்கொண்டு, பழைய செட்டுகளைப் போட்டுவைக்கும் பின்பக்கத் திடலுக்கு நடந்தாள். பாதி அரண்மனையும் கால் ஆஸ்பத்திரியும் சாய்ந்து கிடக்கும் இடம் அது. பகலில் அங்கே நாய்கூடப் போகாது. உடைந்த சிம்மாசனம் ஒன்றில் துப்பாக்கியைக் கயிறு போட்டுக் கட்டினாள். எதிரே ஒரு காலி பெயிண்ட் டிரம், அதற்குப் பின்னால் மண்மேடு. பெட்டியில் புதிதாக ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. தட்டினாள். கொசு பாடுவது போல ஓர் ஓசை ஏறி ஏறி, காதுக்கு எட்டாமல் போனது. தள்ளி நின்று, விசையில் கட்டிய நூலை இழுத்தாள்.

"டப்."

கையால் மேசையைத் தட்டியது போல, அவ்வளவுதான். சிம்மாசனம் மட்டும் யாரோ உதைத்தது போல ஓரடி பின்னால் நகர்ந்தது. டிரம் அசையவே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக் கிட்டே போனாள். டிரம்மின் இந்தப் பக்கம் ஒரு துளை. அந்தப் பக்கம் ஒரு துளை. குனிந்து பார்த்தால் மண்மேடு தெரிந்தது.

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு இதைச் சுடப்போவது அந்த நாயகிப் பெண். இருபது வயதுகூட இருக்காது, அக்கா அக்கா என்று காலைச் சுற்றுகிற பெண். அவள் கையால் ஒரு கொலை. அதற்கு ஆயுதம் செய்தவள் என்று இவள் பெயர். உள்ளே அதை மாற்றிவைத்தது கட்டிய புருஷன்.

போலீசுக்குச் சொன்னால் அவர் உள்ளே போவார். சொல்லாவிட்டால் ஒரு மனுஷன் மேலே போவான். மண்மேட்டைக் கிளறி இரும்புத் துண்டை எடுத்துத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு கேபிளின் உறையை விலக்கி, உள்ளே இருந்த தடித்த கம்பியை வெட்டி, வெட்டு தெரியாமல் டேப் சுற்றினாள். இனி அது விளக்கு மட்டும் எரியும். இது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. விசையை அழுத்தும் நேரம் அவர் முகம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் அவளால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நாத்தனாரின் தையல் யூனிட்டுக்குப் போனாள். சினிமா கைவிட்ட பிறகு அவள் சொந்தமாகத் தொடங்கியது. பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஆஸ்பத்திரி கோட்டு என்று எட்டு மெஷின் ஓயாமல் ஓடுகிற இடம்.

"வாங்க அண்ணி! என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"வெயில்ல நின்னேன். உங்க அண்ணன் வந்தாரா இந்தப் பக்கம்?"

"நேத்து வந்தாரு. ஏதோ குஷியா இருந்தாரு அண்ணி. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு." நாத்தனார் பல்லில் கடித்த நூலைத் துப்பினாள். "'இன்னும் ரெண்டே நாளு, அந்த ஆளு எல்லார் முன்னாடியும் தலை சாயப் போறான் பாரு'ன்னாரு."

ஆயுதக்காவுக்கு மெஷின்களின் சத்தம் தூரத்தில் கேட்டது. "நீ என்ன சொன்ன?"

"சாஞ்சா சாயட்டும், எனக்கு நூறு கோட்டு டெலிவரி இருக்குன்னேன். ஏன் அண்ணி, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல."

அன்று சாப்பிடும்போது மின்னல் ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டிருந்தார். அவள் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டு எடுத்த கை. இதுவா?

மறுநாள் காலையில் அவள் வழக்கத்துக்கு முன்னாலேயே ஸ்டூடியோவுக்குப் போனாள். ஸ்டோர் ரூம் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே மின்னல், முதுகைக் காட்டிக்கொண்டு, சக்திப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தார். காலடி கேட்டதும் துள்ளித் திரும்பினார்.

"பயந்துட்டேன்! ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் தேடினேன்."

"கிடைச்சுதா?"

"இல்ல. வேற இடத்துல பாக்குறேன்."

அவர் கைக்கெட்டும் தூரத்தில், ஆணியில், மூன்று எக்ஸ்டென்ஷன் வயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

காட்சிக்கு எல்லாம் தயாரானது. கப்பலின் கட்டளை அறை. சுவர் முழுக்க விளக்குகள். வில்லன் நடிகர் கறுப்புக் கவச உடையில் நடுவில் நின்றார். நாயகிக்குப் பெட்டியை மாட்டிவிட்டது ஆயுதக்கா.

"அக்கா, இன்னைக்குப் பெட்டி என்ன இவ்வளவு கனம்?"

"கொஞ்சம் எடை இருந்தாத்தான் நடை நல்லா வரும்மா." அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. மின்னல் வந்து, "லைட் சரியா எரியுதான்னு பாத்துடுறேன்" என்று பெட்டிக்கு அடியில் கை விட்டார். கொசுவின் ஓசை ஏறியது. அவள் கேமராவுக்குப் பக்கத்தில் போய், புருஷன் முகம் தெரியும்படி நின்றுகொண்டாள்.

"ஆக்‌ஷன்!"

நாயகி வசனத்தைச் சொன்னாள். துப்பாக்கியை உயர்த்தினாள். மின்னலின் நெற்றி வேர்த்திருந்தது. உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். விசை அழுந்தியது. குட்டி விளக்குகள் ஓடி அணைந்தன.

ஒன்றும் நடக்கவில்லை. விழ வேண்டிய வில்லன் நடிகர் விழவும் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக் கண்ணை இறுக மூடி, ஊசி போடக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நின்றார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார். தளத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் டைரக்டரைப் பார்க்கவில்லை. மின்னலைப் பார்த்தார்.

"என்னய்யா, வரல?"

மின்னல் ஓடிவந்து பெட்டிக்குக் கை நீட்டினார். ஆயுதக்கா அதற்குள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வராது. கம்பியை நான் வெட்டிட்டேன்."

"என்ன கம்பி?" என்றார் டைரக்டர்.

"நிஜக் கம்பி சார். இது நான் செஞ்ச துப்பாக்கி இல்ல. இது சுடும். நேத்து டிரம்முல சுட்டுப் பாத்தேன், இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துடுச்சு."

நாயகி துப்பாக்கியை நெருப்பைத் தொட்டது போல விட்டாள். அது கேபிளில் தொங்கி ஆடியது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றுதான் ஆயுதக்கா நினைத்திருந்தாள். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"இவரைக் கொல்லவா பாத்தீங்க?"

மின்னல் வாய் திறந்தது. அதற்குள் பதில் சொன்னது வில்லன் நடிகர். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கொல்லவா? ஏம்மா, செய்யச் சொன்னதே நான்தாம்மா!"

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். வில்லன் நடிகர் இப்போது அவரிடம் திரும்பினார். "நீதானய்யா வாங்குறவன் முகத்துல தெரியணும்னு சொன்ன? எல்லாப் பயலும் எனக்கு வயசாயிடுச்சு, டூப் போட்டுத்தான் விழுறான்னு எழுதுறான். நிஜமா ஒரு இடி வாங்கிக் காட்டணும்னு நெனச்சேன். உள்ள கனமான இரும்புத் தகடு போட்டிருக்கேன். இவன் அதே மாதிரி தகட்டுல பலதடவை சுட்டுப் பாத்தாச்சு, ஒரு சொட்டைதான் விழுது. உன்கிட்டயும் இவன் பொண்டாட்டிகிட்டயும் சொன்னா விடவா போறீங்க? அதான் கமுக்கமா வச்சோம். என்ன பயம்?" முஷ்டியால் தன் நெஞ்சில் தட்டினார்.

"டங் டங்" என்று வந்திருக்க வேண்டும். பிஸ்கட் டின்னைத் தட்டியது போல "டொக் டொக்" என்று வந்தது.

மின்னலின் தலை நிமிர்ந்தது. "இன்னொரு தடவை தட்டுங்க."

தட்டினார். மின்னல் கிட்டே போய், கேட்காமலே, கவச உடையின் பட்டியைக் கழற்றினார். உள்ளே கையை விட்டுத் தகட்டை உருவினார். அலுமினியத் தகடு. அவர் கையில் பிடித்தபோதே அது காகிதம் போல வளைந்தது.

"இது இல்ல," என்றார். "நான் மாட்டினது இது இல்ல."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து காஸ்ட்யூமர் முன்னே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "இரும்பு கழுத்தை அறுக்குதுன்னு இந்த அண்ணன் நேத்து திட்டினாரு. வெறும் ஷேப்புக்குத்தானேன்னு லேசான தகடா மாத்தி, பட்டியும் புதுசா தச்சேன். எங்கிட்ட யாருமே ஒண்ணும் சொல்லலையே!"

"லேசா இருந்துச்சு," என்றார் வில்லன் நடிகர். சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, எடுத்துவிட மறந்தது போல. "பட்டிய மாத்தினதாலன்னு நெனச்சேன்."

மின்னல் யாரிடமும் பேசாமல் வேலை செய்தார். தகட்டை ஒரு மணல் மூட்டையில் சாய்த்துவைத்தார். எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். நாயகியின் முதுகிலிருந்து பெட்டியைக் கழற்றி, வெட்டிய கம்பியைத் தேடி முறுக்கி இணைத்தார்.

"வேணாங்க. விடுங்க," என்றாள் ஆயுதக்கா.

"இல்ல. நான் பாக்கணும்." அவரே விசையை அழுத்தினார்.

"டப்."

இந்த முறையும் பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. தகட்டின் நடுவில் ஒரு துளை. அதன் வழியாக மணல் கொட்டத் தொடங்கியது. மூட்டை தொய்ந்து சரியும் வரை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வில்லன் நடிகர் தளபதியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அவர் முகத்தில் அப்போது தெரிந்ததைப் படம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று படப்பிடிப்பு நின்றது. டைரக்டர் மின்னலைத் திட்டவில்லை. "நாளையில இருந்து வராதீங்க" என்றார், அவ்வளவுதான். நாயகி மேக்கப் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். ஆயுதக்கா கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மின்னல் மெஷினுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, செம்புச் சுருளைப் பிரித்து உருண்டையாக்கி எடுத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் வேனில் வீடு திரும்பினார்கள். சிக்னலில் நின்றபோது அவர்தான் ஆரம்பித்தார்.

"அந்த ஆளு தானா வந்து பேசினான். 'உன் தங்கச்சி விஷயத்துல நான் பண்ணது பாவம். இதைச் செஞ்சு குடு, படம் முடியுற அன்னைக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்'னான். அதுக்காகத்தான்."

அவள் மடியில் இருந்த செம்பு உருண்டையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னைப் போய் கொலைகாரன்னு நெனச்சுட்டியே."

"நெனச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். எலின்னு சொன்னீங்க."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"நீ வெட்டலன்னா..." என்று தொடங்கி, கியரை மாற்றினார். மாற்றிய பிறகும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வில்லன் நடிகர் தையல் யூனிட்டுக்கே போனாராம். செய்தி நாத்தனார் வாயாலேயே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், அண்ணனையும் அண்ணியையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள்.

"வாசல்ல வந்து கையைக் கூப்பிக்கிட்டு நின்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு, நடிப்பான்னு தெரியல. 'அம்மா, அந்த வாட்ச் விஷயம்'னு ஆரம்பிச்சாரு. பேண்ட் உயரம் கொறைக்கணுமா சார், இல்லன்னா கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பண்டல் ஏத்தணும்னேன். அப்படியே நின்னாரு. அப்புறம் அவரே ஒரு பண்டலைத் தூக்கி வண்டியில வச்சுட்டுப் போயிட்டாரு."

மின்னலுக்கு ஏமாற்றம். "மன்னிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஏன் அண்ணே, என்கிட்ட கேட்டியா நீ? அந்த ஆளு மன்னிப்பு எனக்கு வேணுமா வேணாமான்னு? கேட்டிருந்தா வேணாம்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். என் பேரைச் சொல்லி ஒரு உசுரு போயிருந்தா? அப்பத் திருடின்னாங்க. இப்ப என்னன்னு சொல்லியிருப்பாங்க?"

அவர் தலை குனிந்தார். தங்கை அதற்கு மேல் திட்டவில்லை. அண்ணியிடம் திரும்பி, "டீ போடட்டுமா அண்ணி?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

மின்னலுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. மேடை நாடகங்களுக்கு விளக்கு அமைப்பது. ஆயுதக்கா அந்தப் படத்தை முடித்துக் கொடுத்தாள். கடைசிக் காட்சியை ஃபோம் நிறைந்த பெட்டியோடு மறுபடியும் எடுத்தார்கள். படம் வெளியானபோது சவுண்டு இன்ஜினியர்தான் ஜெயித்திருந்தார். நீலக் கோடும் இருந்தது, 'ஜ்ஜூம்' சத்தமும் இருந்தது.

வீட்டில் அதன் பிறகு சண்டை எதுவும் வரவில்லை. ஆனால் மின்னலுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. வெளியே கிளம்பும்போது அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார். பல்பு வாங்கப் போறேன். சலூனுக்குப் போறேன், திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். நாடகக்காரங்க கூப்பிட்டாங்க, ரெண்டு சுவிட்ச் பாக்கணும், வேற ஒண்ணுமில்ல.

"நான் ஒண்ணும் கேக்கலையே?" என்று ஒரு நாள் அவள் சொல்லிப் பார்த்தாள்.

"கேக்கல. இருந்தாலும் சொல்லிடுறேன்," என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

அவர் தெருமுனை திரும்பும் வரை அவள் வாசலில் நின்றாள். சலூன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் திரும்பினார். அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனாள்.